மெடிச்சி சமாதி அறையில் யார் எங்கே இருக்கிறார்கள்?

கேட்கப்பட்ட கேள்வி சுருக்கமாக இதுதான்: "ஃபுளோரன்ஸ் போகிறேன். மெடிச்சி சேப்பலில் மைக்கேலேஞ்சலோ செதுக்கிய லோரென்சோவின் சமாதி இருக்கிறது என்கிறார்கள். அது வரலாற்றில் படிக்கிற அந்தப் பெரிய லோரென்சோதானா? சில சிலைகளுக்கு முகம்கூட முடிக்காமல் ஏன் விட்டிருக்கிறார்? பெண் சிலைகள் ஏன் பயில்வான்கள் மாதிரி இருக்கின்றன? இதற்கெல்லாம் ஏதாவது தத்துவ விளக்கம் உண்டா?"

முதல் கேள்விக்கு நேரான பதில்: இல்லை, அவர் இல்லை. தலைக்கவசம் அணிந்து, விரலை உதட்டில் வைத்து யோசித்துக்கொண்டிருக்கும் அந்தப் பிரபலமான சிலை, பெரிய லோரென்சோவின் பேரனுடையது. அவர் பெயரும் லோரென்சோதான். உர்பினோ என்ற ஊருக்கு டியூக்காக இருந்து, 1519 மே மாதம் 26 வயதில் இறந்துபோனவர். எதிர்ச்சுவரில் இருப்பது பெரிய லோரென்சோவின் கடைசி மகன் ஜூலியானோ. பிரெஞ்சு மன்னர் கொடுத்த நெமூர் டியூக் பட்டத்தோடு 1516இல், 37 வயதில் இறந்தார். பேரனுக்கும் மகனுக்கும்தான் அந்த இரண்டு பெரிய சமாதிகளும்.

ஃபுளோரன்ஸில் கோலோச்சிய மெடிச்சி என்ற வங்கிக்காரக் குடும்பத்தின் தலைவராக இருந்து, ஓவியர் பாட்டிச்செல்லியையும் இளவயது மைக்கேலேஞ்சலோவையும் ஆதரித்த, 'மகத்தானவர்' என்று ஊர் கொண்டாடிய லோரென்சோ எங்கே? அதே அறையில்தான். பலிபீடத்துக்கு எதிர்ச்சுவரை ஒட்டி ஒரு நீளமான, அலங்காரமே இல்லாத கல்பெட்டி இருக்கும். அதன்மேல் நடுவில் மாதாவும் குழந்தையும், இரு பக்கமும் இரண்டு புனிதர்கள். அந்தப் பெட்டிக்குள் அவரும், கொலையுண்ட அவருடைய தம்பி ஜூலியானோவும் இருக்கிறார்கள். பெரும்பாலான பயணிகள் மாதா சிலையைப் பார்த்துவிட்டு, கீழே யார் என்று கேட்காமலே நகர்ந்துவிடுகிறார்கள். இத்தனைக்கும், இந்த அண்ணன் தம்பி இருவரும் தங்கள் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் சிற்பி வெரோக்கியோவைக் கொண்டு வெண்கலமும் சிவப்புக் கல்லுமாக அற்புதமான சமாதி கட்டியவர்கள். இந்த அறை சேர்ந்திருக்கிற சான் லோரென்சோ தேவாலயத்தின் இன்னொரு மூலையில் 1472இலிருந்து அது நிற்கிறது. தங்களுக்கு மட்டும் வாய்க்கவில்லை.

இந்த ஏறுக்குமாறு எப்படி வந்தது என்பதைச் சொன்னால் மற்ற கேள்விகளுக்கும் பாதி பதில் வந்துவிடும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த அறை முடிந்த படைப்பு கிடையாது. பாதியில் நின்றுபோன ஒரு பட்டறை. சிற்பி ஊரைவிட்டுப் போனபிறகு மற்றவர்கள் கிடைத்ததைத் தூக்கி வைத்து ஒழுங்குபடுத்திய இடம். இதை மறந்துவிட்டு ஒவ்வொரு சிலையின் இடத்துக்கும் ஓர் ஆழ்ந்த அர்த்தம் தேட ஆரம்பித்தால் எங்கே வேண்டுமானாலும் போய் நிற்கலாம். பலர் அப்படித்தான் போய் நின்றிருக்கிறார்கள்.

சரி, கதைக்கு வருவோம். 1519 ஏப்ரலில் உர்பினோ டியூக் லோரென்சோவுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. சில வாரங்களுக்குள் தாயும் போனார், தகப்பனும் போனார். அந்தக் குழந்தைதான் பிற்பாடு பிரான்ஸின் ராணியான காதரீன் தெ மெடிச்சி. அந்த மரணத்தோடு, பெரிய லோரென்சோவின் தாத்தாவான மூத்த கோசிமோவின் வழிவந்த முறையான ஆண் வாரிசு, துறவறத்துக்கு வெளியே, ஒருவரும் மிஞ்சவில்லை. மிஞ்சியவர்கள் போப் பத்தாம் லியோவும் (பெரிய லோரென்சோவின் மகன்), அவருடைய சித்தப்பா மகன் கர்தினால் ஜூலியோவும். இருவரும் சபையைச் சேர்ந்தவர்கள், பிள்ளை பெற்று வம்சம் வளர்க்க வழியில்லை. குடும்பத்துக்கு ஒரு சமாதி அறை கட்ட வேண்டும் என்று இருவரும் முடிவெடுத்தது இந்த நேரத்தில்தான். வம்சம் அறுந்துபோகிற நேரத்தில் அதன் நினைவையாவது கல்லில் நிறுத்திவிட வேண்டும் என்கிற அவசரம் அதில் தெரிகிறது.

கர்தினால் ஜூலியோவுக்குச் சொந்தக் காரணமும் உண்டு. 1478 ஏப்ரல் 26, ஞாயிற்றுக்கிழமை, ஃபுளோரன்ஸ் பேராலயத்தில் திருப்பலி நடந்துகொண்டிருக்கும்போதே எதிரிகளான பாட்சி குடும்பமும் கூட்டாளிகளும் மெடிச்சி சகோதரர்கள் மீது பாய்ந்தார்கள். லோரென்சோ கழுத்தில் காயத்தோடு தப்பி, உள்ளே ஓடி வெண்கலக் கதவைச் சாத்திக்கொண்டார். தம்பி ஜூலியானோ தரையில் குத்துப்பட்டுச் செத்தார். செத்தவருக்கு முறையற்ற உறவில் பிறந்த மகன்தான் இந்த ஜூலியோ. அப்பா முகத்தை அவர் பார்த்ததே இல்லை. 1523இல் இவரே ஏழாம் கிளெமென்ட் என்ற பெயரில் போப் ஆனார். ஆக, அறையின் நான்கு பேரில் ஒருவர், சமாதி கட்டச் சொன்னவரின் சொந்தத் தகப்பன். அந்தத் தகப்பனுக்குத்தான் கடைசிவரை சமாதி என்று ஒன்று அமையவில்லை.

டியூக்குகளுக்கு முன்னுரிமை கிடைத்ததற்குக் காரணம் பட்டம்தான் என்பது என் கருத்து. பெரிய லோரென்சோவுக்கு எவ்வளவு செல்வாக்கு இருந்தாலும் காகிதத்தில் அவர் குடியரசின் ஒரு குடிமகன். மகனும் பேரனும்தான் முதன்முதலாக 'டியூக்' என்று போட்டுக்கொண்டவர்கள். வங்கிக்காரக் குடும்பம் அரச குடும்பமாக மாறிய தருணத்தைக் காட்ட அவர்கள்தான் தேவைப்பட்டார்கள். மற்றபடி சாதனை என்று பார்த்தால் இருவருக்கும் சொல்லிக்கொள்ள அதிகமில்லை. ஜூலியானோ வாழ்நாளில் பெரும்பகுதியை நாடு கடத்தப்பட்டவராகக் கழித்த மென்மையான ஆள். லோரென்சோ, போப்பான சித்தப்பா படை கொடுத்ததால் உர்பினோவைப் பிடித்தவர். மாக்கியவெல்லி தன் 'இளவரசன்' நூலைச் சமர்ப்பித்தது இந்த இளைய லோரென்சோவுக்குத்தான். அதிலும் பலர் பெரியவர் என்று நினைத்துக் குழம்புவார்கள்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம். சான் லோரென்சோ மெடிச்சிகளின் குடும்பக் கோயில் மாதிரி. அதன் ஒரு பக்கத்தில் கட்டடக் கலைஞர் புருனெலெஸ்கி 1428 வாக்கில் முடித்த சிறிய சதுர அறை இருக்கிறது. திருப்பலி உடைகளும் பாத்திரங்களும் வைக்கிற அறை, ஆனால் உண்மையில் குடும்பத்தின் முதல் சமாதி அறை. வம்சத்தைத் தொடங்கிவைத்த ஜொவான்னி தி பிச்சி அதன் நடுவில் இருக்கிறார். மைக்கேலேஞ்சலோவிடம் கேட்டது, மறுபக்கத்தில் இதற்கு ஜோடியாக இன்னொன்று. அதனால்தான் பழையதைப் 'பழைய சாக்ரிஸ்டி' என்றும் இதைப் 'புதிய சாக்ரிஸ்டி' என்றும் சொல்கிறார்கள். அவர் புருனெலெஸ்கியின் தரைவடிவை அப்படியே எடுத்துக்கொண்டார். வெள்ளைச் சுண்ணாம்புச் சுவரில் சாம்பல் நிறக் கல் தூண்களையும் எடுத்துக்கொண்டார். ஆனால் நடுவில் ஒரு தளத்தைக் கூடுதலாகச் செருகி, குவிமாடத்தை இன்னும் மேலே தள்ளிவிட்டார். மேல் சன்னல்களைக் கவனியுங்கள். அடி அகலமாகவும் உச்சி குறுகலாகவும் இருக்கும். கீழே நிற்பவர் கண்ணுக்குச் சுவர் இன்னும் உயரமாகத் தெரிய இது ஒரு தந்திரம். வெளிச்சமும் மேலிருந்து மட்டும்தான் விழும். கீழே, சமாதிகள் இருக்கும் உயரத்தில், வெளியுலகம் கண்ணில் படவே படாது.

மைக்கேலேஞ்சலோ இந்த வேலைக்குச் சந்தோஷமாக வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதே தேவாலயத்துக்குப் பளிங்கு முகப்பு கட்ட 1518இல் ஒப்பந்தம் போட்டு, மலையில் கல் வெட்டி, பாதை போட்டு ஆண்டுகளைச் செலவழித்திருந்தார். 1520இல் அதை ரத்து செய்துவிட்டார்கள். அவமானம் என்றே எடுத்துக்கொண்டார். முகப்பு இன்றுவரை கட்டப்படவில்லை. சான் லோரென்சோவின் முன்பக்கம் இன்றும் பூசப்படாத வெறும் கரடுமுரடான சுவர்தான். போனதும் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

திட்டம் பலமுறை மாறியது. முதலில் அறையின் நடுவில் நான்கு பக்கமும் நான்கு பேருக்கு ஒரே நினைவுச்சின்னம் என்று யோசித்தார்கள். அறை சிறியது, இடித்துக்கொண்டு நிற்கும் என்று கைவிட்டார்கள். பிறகு சுவரோடு சேர்ந்த சமாதிகள் என்று முடிவாயிற்று. நடுவில் லியோ இறந்தார், அடுத்து வந்த போப்புக்கு இதில் அக்கறையில்லை, வேலை தூங்கியது. கிளெமென்ட் பதவிக்கு வந்தபிறகுதான் 1524இலிருந்து வேகம் பிடித்தது. 1526 ஜூனில் மைக்கேலேஞ்சலோ எழுதிய கடிதம் ஒன்று கைக்குக் கிடைக்கிற மிக நல்ல ஆதாரம். தன் கையாலேயே செய்ய நினைப்பவை எவை என்று அதில் கணக்குச் சொல்கிறார்: சமாதிப் பேழைகள்மீது நான்கு உருவங்கள், தரையில் நான்கு நதி உருவங்கள், இரண்டு தளபதிகள் (அதாவது இரண்டு டியூக்குகள்), ஒரு மாதா. மொத்தம் பதினொன்று. அதில் ஆறு தொடங்கியாயிற்று என்கிறார். இன்று அறையில் அவர் கைப்பட்டது ஏழு. நான்கு நதிகளில் ஒன்றுகூடக் கல்லுக்கு வரவில்லை. ஒரு நதி தேவனின் பெரிய களிமண் மாதிரி மட்டும் ஃபுளோரன்ஸிலேயே தப்பிப் பிழைத்திருக்கிறது. டியூக்குகளின் இருபுறமும் உள்ள மாடங்கள் காலி. ஜூலியானோவின் பக்கங்களில் பூமியும் வானமும் நிற்கவேண்டியது, பூமி அழுதுகொண்டும் வானம் சிரித்துக்கொண்டும். அந்த வேலை ஏற்ற திரிபோலோ என்ற சிற்பியும் முடிக்கவில்லை. ரஷ்யாவின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் குந்தியிருக்கும் ஒரு சிறுவன் சிலை உண்டு. அதுவும் இந்த அறைக்கென்று தொடங்கியதே என்பது பலருடைய கருத்து.

இப்போது ஜூலியானோவின் சமாதிக்கு முன் வந்து நில்லுங்கள். நேரம் குறைவு என்றால் இங்கே செலவழியுங்கள். மேலே அவர் ரோமானிய மார்புக்கவசத்தில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் தளபதியின் கோல். உட்கார்ந்த உயரமே ஐந்தரை அடிக்கு மேல். கீழே பேழையின் மூடி இரண்டு சரிவுகளாக வளைந்து இறங்குகிறது. அதன்மேல் இடப்பக்கம் இரவு, வலப்பக்கம் பகல். இரண்டு பேரும் வழுக்கி விழுந்துவிடுவார்கள் போல, கால்கள் மூடியைத் தாண்டி அந்தரத்தில் வந்துவிடுகின்றன. அடியில் நதிகள் வந்திருந்தால் கண்ணுக்கு ஒரு தாங்கல் இருந்திருக்கும். இல்லாததால் இந்தத் தொங்கல் இன்னும் பதற்றமாக இருக்கிறது. வேண்டுமென்றே அப்படிச் செய்தார் என்று எழுதுகிறவர்கள் நதிகளை மறந்துவிடுகிறார்கள்.

இரவு ஒரு பெண். தலையில் பிறையும் நட்சத்திரமும். வலது முழங்கையை மடக்கிய இடது தொடையில் ஊன்றி, குனிந்த தலையைக் கையில் தாங்கித் தூங்குகிறாள். நாற்காலியில் உட்கார்ந்து இப்படிச் செய்து பாருங்கள், இடுப்பு கேட்காது. அவ்வளவு முறுக்கு, ஆனால் முகத்தில் அசையாத தூக்கம். மடக்கிய காலின் வளைவுக்குக் கீழே ஓர் ஆந்தை முழித்துக்கொண்டு நிற்கிறது. பாதத்துக்கு அடியில் கசகசாக் காய்களின் கொத்து, தூக்கத்துக்கு அடையாளம். தோளுக்குப் பின்னால் வாயைத் திறந்த ஒரு முகமூடி, கனவுக்கு அடையாளம் என்பார்கள். வயிற்றில் சுருக்கங்கள் வரிவரியாக விழுந்திருக்கின்றன. பிள்ளை பெற்ற உடம்பு. பளிங்கு முழுவதும் கண்ணாடி போல் மெருகேறியிருப்பதால் வெளிச்சம் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகிறது. இவளுடைய இடது மார்பின் வடிவத்தைப் பார்த்துவிட்டு, ஒரு புற்றுநோய் மருத்துவரும் ஒரு கலை வரலாற்றாளரும் சேர்ந்து, 2000இல் ஒரு மருத்துவ இதழில், முற்றிய மார்பகப் புற்றுநோய் கண்ட ஒரு பெண்ணை மைக்கேலேஞ்சலோ பார்த்துச் செதுக்கியிருக்க வேண்டும் என்று எழுதினார்கள். சாத்தியம்தான். நிச்சயம் என்று நான் சொல்லமாட்டேன்.

பகல் அதற்கு நேர் எதிர். முதுகை நமக்குக் காட்டிக்கொண்டு, வலது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கிற ஒரு பெரிய ஆண். முதுகுத் தசைகள் முடிந்து பளபளக்கின்றன. முகத்தில் மட்டும் உளித்தடம் அப்படியே. பல் வைத்த உளி கீறிய கோடுகள் குறுக்கும் நெடுக்கும் போகின்றன. கண்குழியும் மூக்கும் தாடியும் எங்கே என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான். பகலின் முகம் கண்ணைக் கூசவைக்கும், அதனால்தான் முடிக்கவில்லை என்று ஒரு விளக்கம் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கால், கை, பின்பக்கக் கல் எல்லாவற்றிலும் முடியாத பகுதிகள் இருக்கும்போது முகத்துக்கு மட்டும் தனித் தத்துவம் ஏன்? அவர் உடம்பிலிருந்து தொடங்கி முகத்துக்குக் கடைசியில் வருகிறவர். கடைசிக்கு வரும்முன் வேலை நின்றுவிட்டது. அதே சமயம், அந்த முகத்தைப் பார்த்தால் அது முடிந்திருந்தால் இவ்வளவு மிரட்டியிருக்காது என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. அப்படித் தோன்றுவதும், அவர் அப்படித் திட்டமிட்டார் என்பதும் வேறுவேறு.

இந்த உருவங்களுக்கு என்ன பொருள் என்பதற்கு மைக்கேலேஞ்சலோவே எழுதிவைத்த ஒரு சிறு குறிப்பு இருக்கிறது. ஒரு வரைபடத் தாளின் ஓரத்தில் பகலும் இரவும் பேசுவது போல எழுதியிருக்கிறார். எங்கள் வேகமான ஓட்டத்தால் டியூக் ஜூலியானோவைச் சாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம், அதற்கு அவர் பழிவாங்குவது நியாயம்தான் என்கின்றன அவை. என்ன பழி? நாங்கள் அவரைக் கொன்றதால், செத்தவர் எங்களிடமிருந்து ஒளியைப் பறித்துக்கொண்டார்; தன் கண்ணை மூடி எங்கள் கண்களையும் மூடிவிட்டார். அரைப்பக்கம்கூட இல்லாத இந்தக் குறிப்புக்கு, அதன்மேல் எழுதப்பட்ட தடித்த நூல்களைவிட நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். காலம் ஆளைத் தின்கிறது, அதற்கு அந்தப் பட்டம் பெற்ற ஆள் எதிர்நிற்கிறார் என்பதுதான் அடிப்படை. மைக்கேலேஞ்சலோ உயிரோடு இருக்கும்போதே அவருடைய வரலாற்றை எழுதிய கொண்டிவியும் இதையே சொல்கிறார்: இவை எல்லாவற்றையும் அரிக்கும் காலத்தைக் குறிக்கின்றன. கூடவே ஒரு சுவையான தகவலும் தருகிறார். சமாதியில் ஓர் எலியைச் செதுக்கவும் எண்ணமிருந்ததாம், அதற்கென்று கொஞ்சம் பளிங்கும் விட்டுவைத்திருந்தாராம். காலம் போலவே எலியும் ஓயாமல் கொறிக்கிறதே! அந்த எலி வரவே இல்லை.

லோரென்சோவின் சமாதியில் அந்தி ஆணாகவும் விடியல் பெண்ணாகவும் இருக்கிறார்கள். இங்கே இரவு, பகலைப் போல் அடையாளச் சின்னங்கள் எதுவும் இல்லை. விடியல் விழிப்பதற்குப் பிரியமில்லாதவளாக, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு எழுகிறாள். நாலில் எனக்கு மிகவும் பிடித்தது இவள்தான். மேலே லோரென்சோவின் முகம் தலைக்கவசத்தின் நிழலில் பாதி மறைந்திருக்கிறது. இடது முழங்கை ஒரு சிறு பணப்பெட்டிமேல் ஊன்றியிருக்கிறது, பெட்டியின் முகப்பில் ஒரு விலங்கின் முகம். 'சிந்திப்பவர்' என்ற பெயர் அவருக்கு அந்தத் தோற்றத்தால்தான் வந்தது. உண்மையான லோரென்சோ சிந்தனைக்குப் பேர்போனவர் இல்லை என்பதால், இரண்டு சிலைகளின் பெயர்களும் மாறிப்போய்விட்டன, யோசிப்பவர்தான் ஜூலியானோ என்று வாதாடிய ஆய்வாளர்களும் உண்டு.

ஆனால் முக ஒற்றுமை பற்றி மைக்கேலேஞ்சலோவுக்கே கவலை இருக்கவில்லை. இருவரையும் நேரில் பார்த்தவர்கள் ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள். சாயலே இல்லையே என்று கேட்டபோது, ஆயிரம் வருஷம் கழித்து இவர்கள் எப்படி இருந்தார்கள் என்று யாருக்குத் தெரியப்போகிறது என்ற பொருளில் அவர் பதில் சொன்னதாக 1544இல் மார்த்தெல்லி என்பவர் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அவ்வளவு காசு கொடுத்துக் கட்டுகிற குடும்பத்துக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள்.

பெண்கள் ஏன் ஆண் உடம்போடு இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். அவருடைய பெண் உருவங்களுக்கான வரைபடங்களைப் பார்த்தால், பட்டறைப் பையன்களை மாதிரியாக வைத்து வரைந்தது பலவற்றில் தெரிகிறது. அந்தக் காலப் பட்டறைகளில் அது வழக்கம்தான். அவர் அதற்குமேலும் போனார். வலிமை, வேதனை, முறுக்கு எல்லாவற்றையும் தசையின் மொழியில் சொல்லிப் பழகியவர், இரவையும் விடியலையும் அதே மொழியில் சொன்னார். மார்புகள் பின்னால் ஒட்டவைத்தது போல் இருக்கின்றன என்ற குறை இன்று நேற்று வந்ததில்லை. எனக்கும் அது உறுத்தும். ஆனால் இரவின் அந்த வயிற்றைச் செதுக்கியவருக்குப் பெண் உடம்பு தெரியாது என்று சொல்ல முடியாது.

வேலை ஏன் நின்றது? 1527 மே மாதம் பேரரசர் சார்லஸின் படை ரோமைச் சூறையாடியது. போப் கோட்டைக்குள் சிறைப்பட்டார். அந்தச் சந்தர்ப்பத்தில் ஃபுளோரன்ஸ் மக்கள் மெடிச்சிகளை விரட்டிவிட்டுக் குடியரசை மீண்டும் நிறுவினார்கள். மெடிச்சி சமாதியைச் செதுக்கிக்கொண்டிருந்தவர் எந்தப் பக்கம் போனார் தெரியுமா? குடியரசின் பக்கம். 1529இல் ஊரின் கோட்டை அரண்களுக்கெல்லாம் தலைமைப் பொறுப்பு அவருக்கு வந்தது. சான் மினியாட்டோ குன்றின் மணிக்கூண்டைப் பீரங்கிக் குண்டிலிருந்து காப்பாற்ற, கம்பளிப் பொதிகளைச் சுற்றிலும் தொங்கவிட்டதாக, அந்தக் காலக் கலைஞர்களின் வரலாற்றை எழுதிய ஓவியர் வசாரி சொல்கிறார். இடையில் ஒருமுறை துரோகம் நடக்கப்போகிறது என்று பயந்து வெனிஸுக்கு ஓடி, பிறகு திரும்பி வந்தார். பத்து மாத முற்றுகைக்குப் பிறகு 1530 ஆகஸ்டில் ஊர் சரணடைந்தது. மெடிச்சிகள் திரும்பிவிட்டார்கள், குடியரசுத் தலைவர்களின் தலைகள் உருண்டன. மைக்கேலேஞ்சலோ தலைமறைவானார். போப் கிளெமென்ட்தான் அவரை மன்னித்தார், ஒரே நிபந்தனையோடு: வந்து சமாதி வேலையை முடி. யாரை எதிர்த்து மதில் கட்டினாரோ அவர்களுடைய சமாதிக்கு மறுபடி உளி பிடித்தார்.

1975இல் அருங்காட்சியக இயக்குநராக இருந்த பாவோலோ தால் பொஜ்ஜெத்தோவின் காலத்தில், வெளியே போக வேறு வழி அமைக்க முடியுமா என்று தேடியபோது, இந்த அறையின் கீழே ஒரு நீண்ட குறுகிய அறை கிடைத்தது. சுமார் 10 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். முன்பு கரி கொட்டி வைத்திருந்த இடம். சுண்ணாம்பைச் சுரண்டியபோது சுவரெங்கும் கரிக்கோட்டு உருவங்கள். 1530இல் மைக்கேலேஞ்சலோ ஒளிந்திருந்தது இங்கேதான் என்பது தால் பொஜ்ஜெத்தோவின் வாதம். எல்லா ஆய்வாளர்களும் ஒத்துக்கொள்ளவில்லை. சில கோடுகள் அவர் கையாகத் தெரிகின்றன, சில உதவியாளர்களுடையது போல் இருக்கின்றன என்பவர்கள் உண்டு. 2023 நவம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தார்கள், ஒரு நேரத்தில் நான்கு பேர் மட்டும்.

போப் மன்னித்த கதைக்குத் திரும்புவோம். அதற்குப் பிறகு நாலு வருஷம் சமாதி வேலை நடந்தது. ஆனால் ஃபுளோரன்ஸுக்குப் புதிதாக டியூக் ஆன அலெஸ்ஸாந்த்ரோ மெடிச்சிக்கும் மைக்கேலேஞ்சலோவுக்கும் ஆகவில்லை, உயிர்பயமே இருந்தது. 1534 செப்டம்பரில் ரோமுக்குப் போனார். போய்ச் சேர்ந்த ஓரிரு நாளில் கிளெமென்ட் இறந்தார். காவலாக இருந்த ஒரே ஆளும் போனபிறகு மைக்கேலேஞ்சலோ ஃபுளோரன்ஸுக்குத் திரும்பவே இல்லை, 1564இல் பிணமாகத்தான் வந்தார். பேழைகளின் மேல் இருக்கவேண்டிய நான்கு சிலைகளும் பல ஆண்டுகள் தரையில் கிடந்தன. பின்னர் திரிபோலோவும் வசாரியும் மற்றவர்களும் அவற்றை ஏற்றிவைத்து, மாதா சிலையைப் பெட்டிமேல் அமர்த்தி, பக்கத்தில் கொஸ்மாஸ், தமியான் என்ற இரண்டு மருத்துவப் புனிதர்களை நிறுத்தினார்கள். இந்த இரண்டையும் மைக்கேலேஞ்சலோவின் மாதிரியை வைத்து மொந்தோர்சோலியும் ரஃபாயெல்லோ தா மொந்தெலூப்போவும் செய்தார்கள். 1559இல் பெரிய லோரென்சோவையும் தம்பியையும் அந்தப் பெட்டிக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். குவிமாடத்தில் ஜொவான்னி தா ஊதினே செய்திருந்த வண்ணச் சுதை வேலை வெள்ளையடிக்கப்பட்டுவிட்டது. ஆகவே இன்று எல்லோரும் சிலாகிக்கிற அந்த வெண்மையான கண்டிப்புகூட முழுக்க மைக்கேலேஞ்சலோவின் முடிவு இல்லை.

இந்தச் சூழலில்தான் இரவைப் பற்றிய அந்தக் கவிதைச் சண்டையைப் புரிந்துகொள்ள வேண்டும். ஸ்த்ரோத்சி என்ற ஒருவர், இவள் தூங்குகிறாள், அதனால் உயிரோடிருக்கிறாள், எழுப்பினால் பேசுவாள் என்று பாராட்டி எழுதினார். ரோமிலிருந்து மைக்கேலேஞ்சலோ இரவின் வாயால் பதில் எழுதினார். தூக்கம் எனக்கு இனியது, கல்லாக இருப்பது அதைவிட இனியது. கேடும் அவமானமும் நடக்கும் காலத்தில் பார்க்காமல் கேட்காமல் இருப்பதே பாக்கியம், என்னை எழுப்பாதே, மெல்லப் பேசு என்பது அதன் சாரம். மெடிச்சி ஆட்சிமேல் விட்ட சாட்டையடி அது. சிலையைச் செதுக்கும்போதே இதை நினைத்தார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பத்துப் பதினைந்து வருஷம் கழித்து, ஊரை இழந்த ஒரு கிழவர் தன் பழைய சிலைக்குக் கொடுத்த குரல்.

தத்துவ விளக்கம் கேட்டீர்கள். ஆன்மா உடலிலிருந்து மேலேறுகிறது, நதிகள் பாதாளம், நடுத்தளம் உலகம், குவிமாடம் விண்ணுலகம் என்று பிளேட்டோவின் வழியில் விளக்குவது இருபதாம் நூற்றாண்டில் பிரபலமாக இருந்தது. கேட்கச் சீராக இருக்கும். ஆனால் நதிகளே வராத அறைக்கு அவ்வளவு கச்சிதமான திட்டத்தை ஏற்றுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதைவிட எளிமையான ஒன்று கண்ணெதிரே இருக்கிறது. இரண்டு டியூக்குகளும் தலையைத் திருப்பி மாதாவைப் பார்க்கிறார்கள். பலிபீடத்தின் பின்னால் நிற்கும் குருவானவர் அறையைப் பார்த்தபடி நிற்பார், அவர் பார்வையும் மாதாமேல்தான் விழும். செத்தவர்களின் ஆன்மாவுக்காக இங்கே ஓயாமல் சங்கீதம் ஓதவேண்டும், தினமும் திருப்பலிகள் நடக்கவேண்டும் என்று கிளெமென்ட் 1532இல் ஆணை போட்டார். இன்று டிக்கெட் வாங்கிப் பார்க்கிற கூடமாக இருப்பதால் இது மறந்துபோகிறது. கட்டும்போது அது இரவும் பகலும் ஜெபக்குரல் கேட்கவேண்டிய இடமாக நினைத்துக் கட்டப்பட்டது.

அந்த மாதாவையும் நின்று பாருங்கள். ஒரு கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். குழந்தை தொடைமேல் முன்னோக்கி உட்கார்ந்துகொண்டு, உடம்பை முழுவதுமாகத் திருப்பி அவள் மார்பில் முகம் புதைத்திருக்கிறது. நமக்குத் தெரிவது குழந்தையின் முதுகும் பிடரியும்தான். அவள் பார்வை யார்மேலும் இல்லை.

அப்புறம் ஒரு விசித்திரமான பின்கதை. டியூக் அலெஸ்ஸாந்த்ரோவை 1537 ஜனவரியில் உறவினன் லோரென்சினோ கொன்றான். உடலைக் கம்பளத்தில் சுருட்டிக் கொண்டுவந்து, ஆர்ப்பாட்டமில்லாமல் லோரென்சோவின் பேழைக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். அலெஸ்ஸாந்த்ரோ அந்த லோரென்சோவின் மகன் என்று கணக்கு, உண்மையில் போப் கிளெமென்டின் மகன் என்று ஊர்ப்பேச்சு. 1875இல் திறந்தபோது உள்ளே இரண்டு பேர் இருந்தது உறுதியானது. முறையாகப் பதப்படுத்தாத அலெஸ்ஸாந்த்ரோவின் உடலிலிருந்து கசிந்தது நூற்றாண்டுகளாகப் பளிங்குக்குள் ஊறி, பேழையில் கறையாக நின்றது. எந்த வழக்கமான முறைக்கும் அது மசியவில்லை. கடைசியில் அறிவியலாளர்கள் குழு ஒன்று, கறையைத் தின்னும் ஆனால் கல்லைத் தொடாத பாக்டீரியாக்களைத் தேர்ந்தெடுத்து, மறைவான ஓரிடத்தில் பரிசோதித்துப் பார்த்துவிட்டு, செராஷியா வகை ஒன்றை ஜெல்லில் கலந்து பூசியது. 2021இல் இது உலகமெங்கும் செய்தியானது. மைக்கேலேஞ்சலோ செதுக்காமல் போன எலிக்குப் பதிலாக, கறையைக் கொறிக்க நுண்ணுயிர்கள் வந்தன என்று அப்போது எனக்குத் தோன்றியது.

போகிற வழி: தேவாலயத்தின் முன்வாசலில் போய் நிற்காதீர்கள், அங்கிருந்து இந்த அறைக்குள் விடமாட்டார்கள். பின்பக்கம், மதோன்னா தெல்யி அல்தோபிரந்தீனி சதுக்கத்தில் தனி வாசலும் தனிச் சீட்டும் உண்டு. உள்ளே முதலில் நிலவறை, அடுத்து 'இளவரசர்களின் சேப்பல்'. 1604இல் தொடங்கிய எட்டுப்பட்டைக் கூடம், சுவர் முழுக்க வண்ணக் கற்கள் பதித்தது, பிற்கால மெடிச்சிகளின் பணக்காட்சி. அந்தப் பிரம்மாண்டமான பேழைகள் காலி, உடல்கள் கீழே நிலவறையில் இருக்கின்றன. கல் பதிப்பு வேலைப்பாட்டில் ஆர்வம் இருந்தால் நில்லுங்கள், இல்லையென்றால் சீக்கிரம் தாண்டிவிடுங்கள். புதிய சாக்ரிஸ்டிக்கு நல்ல வெயில் நேரம் உகந்தது, மேல் சன்னல் வெளிச்சத்தை நம்பிச் செதுக்கிய சிலைகள் அவை. கரிக்கோட்டு அறைக்கு முன்பதிவு தனி, சீக்கிரம் தீர்ந்துவிடும். பயணத் தேதி உறுதியானதும் முதலில் அதைப் பாருங்கள். அதே சீட்டில் தேவாலயத்துக்குள் போக முடியாது. பழைய சாக்ரிஸ்டியையும் வெரோக்கியோவின் சமாதியையும் பார்க்க வேண்டுமென்றால் முன்பக்கம் வந்து இன்னொரு சீட்டு வாங்க வேண்டும். என்னைக் கேட்டால் பழையதை முதலில் பார்த்துவிட்டுப் புதியதற்குப் போங்கள். மைக்கேலேஞ்சலோ எதை எடுத்துக்கொண்டார், எதை மாற்றினார் என்பது அப்போதுதான் பளிச்சென்று தெரியும்.